அமுதநாச்சியின் பத்தியம்

மஞ்சணத்திக்குளத்து அமுதநாச்சி அம்மனுக்குச் சர்க்கரை வியாதி வந்திருப்பதை முதலில் கண்டுகொண்டவை எறும்புகள். கருவறையிலிருந்து அபிஷேகத் தண்ணீர் வெளியே வந்து விழும் கல்வாயைச் சுற்றி, மாசி மாதத்து ஒரு காலையில், எள்ளைக் கொட்டிப் பரப்பியதுபோல் அவை மொய்த்துக் கிடந்தன. பூசாரி மாடக்கண்ணு விளக்குமாற்றால் தள்ளிப் பார்த்தார், மஞ்சள்பொடி தூவிப் பார்த்தார். தள்ளத் தள்ள வந்தன. அன்றைக்கு அபிஷேகம் வெறும் தண்ணீர்தான். பாலும் இல்லை, தேனும் இல்லை, பழமும் இல்லை. அவர் அந்தத் தண்ணீரை ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தார், பிறகு கல்வாய்க்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அவருடைய அம்மாவுக்கு வந்ததும் இப்படித்தான் தெரிந்தது, அண்ணனுக்கு வந்ததும் இப்படித்தான். அதனால் அவர் எழுந்து சன்னதிக்குள் போனதும், அனுபவப்பட்ட வீட்டார் முதலில் பார்க்கும் இடத்தையே பார்த்தார். அம்மனின் இடது பாதத்துச் சுண்டுவிரலில் கருங்கல் கசிந்து, பழுத்த சீதாப்பழம்போல் மெத்தென்று ஆகியிருந்தது.

ஊரில் ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. வராமல் என்ன செய்யும் என்றுதான் கேட்டார்கள். பிள்ளை பிறந்தால் அவளுக்குச் சர்க்கரைப் பொங்கல், பரீட்சையில் தேறினால் லட்டு, மழை பெய்தால் பாயசம், பெய்த மழை நின்றால் அதற்கும் பாயசம், துபாய்க்குப் போனவன் போய்ச் சேர்ந்தால் அதிரசம், திரும்பி வந்தால் இரண்டு மடங்கு அதிரசம். துக்கங்களை நாங்கள் எங்கள் வீட்டில் வைத்துக்கொண்டோம், சந்தோஷங்களையெல்லாம் அவளிடம் கொண்டுபோய்க் கொடுத்தோம், அவளும் யார் மனதும் கோணாமல் எல்லாவற்றையும் தின்றாள். அத்தனை வீட்டுச் சந்தோஷத்தையும் ஒரே ஒருத்தி தின்றால் கல்லானாலும் உடம்பு என்னத்துக்கு ஆகும்.

டாக்டர் ரெஜினா வந்தார். மாதாகோயிலுக்குப் போகிற வேதக்காரர் என்பதால் அர்த்தமண்டபத்துக்கு வெளியே நின்றுகொண்டு, உள்ளே இருந்த மாடக்கண்ணுவிடம் கேள்வி கேட்டார்.

"தாகம் அதிகமா இருக்கா?"

"எத்தனை குடம் ஊத்தினாலும் பாதியைக் கல்லு உறிஞ்சிருது டாக்டரம்மா. போன ஐப்பசியில இருந்தே."

"ஐப்பசியில இருந்தே தெரியும், இப்பத்தான் சொல்லுதியளா? எல்லார் வீட்டிலயும் இதே கதை" என்று டாக்டர் கடிந்துகொண்டார். புண்ணைத் தினமும் கழுவித் துணி கட்ட வேண்டும், இனிப்பைக் குறைக்க வேண்டும், காலையில் நடக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நடக்க வேண்டும் என்று சொன்னதால் உற்சவ மூர்த்தியைத் தினமும் விடிந்ததும் நான்கு தெருவிலும் தூக்கிக்கொண்டு சுற்றினார்கள். தூக்குகிறவர்களுக்குத் தலைவன் கொம்பையா, மூன்றாவது தெருவிலேயே மூச்சு வாங்கினான். "ஏலே, நடக்கிறது நாம, குறையுறது அவளுக்கா?" என்று கேட்டுக்கொண்டே தூக்கினான்; பங்குனி பிறப்பதற்குள் தூக்குகிறவர்களின் தொந்தியெல்லாம் கரைந்து, வேட்டி இடுப்பில் நிற்காமல் போனது. பெண்கள் எலுமிச்சை மாலைக்குப் பதிலாகப் பாகற்காய் மாலை கட்டினார்கள். வெந்தயம் ஊறவைத்த தண்ணீர் சொம்பு சொம்பாக வந்தது. சர்க்கரைக்காரர்கள் போடும் மெத்தென்ற எம்.சி.ஆர் செருப்பை யாரோ நேர்ந்துகொண்டு, பொட்டு வைத்து, சன்னதி வாசலில் ஜோடியாக விட்டிருந்தார்கள்.

கோயில் தர்மகர்த்தா நல்லபெருமாள் அண்ணாச்சி மட்டும் இதிலெல்லாம் சேரவில்லை. அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். அங்கம் குறைந்த சிலை பின்னம். பின்னமான சிலைக்குப் பூசை செய்தால் ஊருக்கு ஆகாது. அதை ஆற்று மடுவில் இறக்கிவிட்டுப் புதுச் சிலை வைக்க வேண்டும் என்பது அவருக்கு அவர் அப்பா சொல்லிப் போனது. சித்திரைக் கொடைத் திருவிழாவுக்குப் பந்தக்கால் நாட்டும் நாள்வரை பார்ப்போம், புண் ஆறாவிட்டால் அன்றைக்கே எடுத்துவிடுவோம் என்று சொல்லி, ஸ்தபதியிடம் புதுச் சிலைக்கும் சொல்லிவிட்டார். அது வைக்கோல் சுற்றி மண்டபத்து மூலையில் வந்து படுத்துக்கொண்டது. போகிறவர்கள் வருகிறவர்கள் அதைப் பார்க்காததுபோல் நடந்தார்கள்.

உலகம்மாள் மட்டும் அதன் முன்னால் போய் நின்று, "உன்மேல எனக்குக் கோவம் இல்ல தாயி. ஆனா உனக்கு என் கையால சோறு இல்ல" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

உலகம்மாள்தான் கோயில் மடைப்பள்ளியில் சமைக்கிறவள். கல்யாண வீடுகளுக்குச் சமைக்கப் போய்க்கொண்டிருந்தவள், புருஷன் இறந்தபிறகு இங்கே வந்தாள். பிள்ளை இல்லை, உறவு என்று வந்து உட்கார ஆள் இல்லை. உலை வைத்ததிலிருந்து இறக்குகிறவரை சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் அம்மனோடு பேசிக்கொண்டேயிருப்பாள், அரிசி விலை, முழங்கால் வலி, எதிர்வீட்டு நாய் போட்ட குட்டிகள், எல்லாம். அந்தச் சுவருக்கு அப்பால் வேறொருத்தி வந்து நிற்பதை அவளால் நினைக்க முடியவில்லை. "அவளை ஆத்துல போட்டா என்னையும் சேர்த்துப் போட்டுருங்க. தனியா இருந்து யாருக்குப் பொங்க?" என்றாள்.

அவளுடைய புருஷனைக் கொண்டுபோனதும் இதே நோய்தான். டாக்டர்கள் வேண்டாம் என்று சொன்னதையெல்லாம் அவள் நிறுத்தினாள். வேறு என்ன கொடுக்கலாம் என்று யோசிக்க அப்போது அவளுக்குத் தோன்றவில்லை. கோதுமைக் கஞ்சியும் உப்பில்லாத சுரைக்காயும் தின்று தின்று, நாக்கில் ஒரு சந்தோஷமும் இல்லாமல், சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்து அந்த மனுஷர் போய்ச்சேர்ந்தார். ஆகவே அம்மனுக்கும் கஞ்சியே போதும் என்று அண்ணாச்சி சொன்னபோது உலகம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"பத்தியம்ங்கிறது மருந்தா, தண்டனையா அண்ணாச்சி? அவ என்ன தப்புப் பண்ணினா?"

"அப்ப என்னத்தக் குடுக்கப் போற?"

"ருசியாத்தான் குடுப்பேன்."

எங்கள் ஊர்க் கோயிலில் அம்மனுக்கு ஒன்று பிடித்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ளப் பூக் கேட்பது வழக்கம். சிலையின் இரண்டு தோளிலும் பூவை வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். வலப்பக்கத்துப் பூ விழுந்தால் சம்மதம், இடப்பக்கத்துப் பூ விழுந்தால் இல்லை. இப்போது அதோடு எறும்பையும் பார்க்க வேண்டியிருந்தது. பூ நாக்குக்கு, எறும்பு உடம்புக்கு.

கஞ்சி வைத்த நாளில் எந்தப் பூவும் விழவில்லை. அம்மன் முகத்தைத் திருப்பிக்கொண்டாள் என்று மாடக்கண்ணு சொன்னார். கல் கழுத்து திரும்பாது, ஆனாலும் எங்களுக்கும் அப்படித்தான் இருந்தது.

அடுத்து கருப்பட்டிப் பொங்கல். இது எங்கள் ஊரே சேர்ந்து சொன்ன யோசனை. கருப்பட்டி உடம்புக்கு நல்லது, கருப்பட்டி குளிர்ச்சி, கருப்பட்டி மருந்து என்று பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். சர்க்கரை வியாதி வந்த வீட்டில் வெள்ளைச் சீனியைத் தூக்கிப் போட்டுவிட்டு, மூன்று வேளையும் கருப்பட்டிக் காப்பி குடித்துக்கொண்டு நிம்மதியாக இருந்தவர்கள். பொங்கலை வைத்ததுமே வலப்பக்கத்துப் பூ குதித்து விழுந்தது. எல்லாரும் குலவையிட்டார்கள். மறுநாள் காலையில் கல்வாயில் எறும்பு இரண்டு மடங்கு.

"கருப்பட்டியும் சர்க்கரைதான். கறுப்புச் சட்டை போட்ட சர்க்கரை" என்று டாக்டர் சொன்னார். அம்மனுக்கு நோய் என்று கேட்டபோது அதிராத ஊர் இதைக் கேட்டு அதிர்ந்துபோனது. அன்று மத்தியானம் பல வீடுகளில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

சிங்கப்பூரிலிருந்து ஒருவர் சின்னக் குப்பியில் இனிப்பு மாத்திரை அனுப்பிவைத்தார். அதைக் கரைத்துப் பாயசம் வைத்தபோது எறும்புகள் வந்தன, முகர்ந்தன, அவமானப்பட்டதுபோல் வரிசை கலையாமல் திரும்பிப் போயின. ஆனால் இடப்பக்கத்துப் பூ அம்மனே தட்டிவிட்டதுபோல் தெறித்து விழுந்தது.

அதற்குப் பிறகுதான் உலகம்மாள் இனிப்பை விட்டுவிட்டு நாக்கைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தாள். சர்க்கரைப் பொங்கலில் சர்க்கரையை எடுத்துவிட்டால் மீதி என்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தனியே வாயில் போட்டுப் பார்த்தாள். வறுத்த பாசிப்பருப்பின் வாசனை இருந்தது. நெய்யின் வழுவழுப்பு இருந்தது. ஏலமும் சுக்கும் ஜாதிக்காயும் இருந்தன. தேங்காயை நிதானமாக மென்றால் கடைசியில் ஒரு தித்திப்பு வருகிறது, அதை இத்தனை நாளும் சீனி வாய் திறக்கவிடவில்லை என்று கண்டுபிடித்தாள். ஒரு கல் உப்பு போட்டால் பரங்கிக்காய் இனிக்கிறது. பரங்கியை வேகவைப்பதைவிடக் கங்கில் புதைத்துச் சுட்டால் இன்னும் இனிக்கிறது, கூடவே புகையின் மணமும் சேர்கிறது. எள்ளைக் கொஞ்சம் கூடுதலாக வறுத்தால் ஒரு சின்னக் கசப்பு வருகிறது. அந்தக் கசப்புக்கு அடுத்து வாயில் எது விழுந்தாலும் அது தித்திப்பாகத் தோன்றுகிறது. "சுவரைப் பாத்துப் படுத்திருந்தியரே, இதை அப்பவே யோசிக்கலையே நான்" என்று அவள் அடுப்பிடம் சொன்னதை மாடக்கண்ணு கேட்டார்.

பச்சரிசிக்குப் பதிலாகக் கருப்புக் கவுனியை ஊறப்போட்டாள். அது வேகும்போது மடைப்பள்ளி முழுக்கத் தாழம்பூ பூத்ததுபோல் மணந்தது. நெய்யில் பாதியைக் குறைத்துத் தேங்காய்ப்பால் விட்டாள். நாரத்தை இலையைக் கிழித்துப் போட்டு, மணம் இறங்கியதும் எடுத்துவிட்டாள். ஒவ்வொரு நாளும் ஒன்று. ஒருநாள் பூ விழும், எறும்பு வரும். இன்னொரு நாள் எறும்பு வராது, பூவும் விழாது. "என்னட்டி இவ்வளவு ரகசியம், புளிப்பு கூடியா போச்சு, சொல்லித் தொலையேன்" என்று சுவரைப் பார்த்துச் சத்தம் போடுவாள். மூலையில் படுத்திருந்த புதுச் சிலையின் வைக்கோல் நாளுக்கு நாள் பழுப்பாகிக்கொண்டே வந்தது.

கடைசியில் அவளுக்கு வழிகாட்டியது தாகம். மத்தியானத்து வெயிலில் நெல்லிக்காய் ஒன்றைக் கடித்துவிட்டுத் தண்ணீர் குடித்தாள், குடித்த தண்ணீர் இனித்தது. குழந்தையிலிருந்து எல்லாருக்கும் தெரிந்த இனிப்பு. யாருடைய கணக்கிலும் சேராத இனிப்பு. அவள் இன்னொரு நெல்லிக்காயைக் கடித்து, மறுபடி குடித்துப் பார்த்தாள்.

மறுநாள் அவள் செய்தது பொங்கலும் இல்லை, கொழுக்கட்டையும் இல்லை. குழைய வெந்த கவுனியும் சுட்ட பரங்கியும் தேங்காய்ப்பாலும் எள்ளும் சேர்த்துப் பிசைந்து, நடுவில் உப்பும் சுக்கும் சேர்த்து வதக்கிய நெல்லித் துருவலை வைத்து மூடி, பூவரச இலையில் மடித்து ஆவியில் வேகவைத்தாள். அம்மனுக்கும் சரி, பிரசாதம் வாங்குகிறவர்களுக்கும் சரி, ஆளுக்கு ஒரு கை அளவுதான். அதற்குமேல் ஒரு பருக்கை இல்லை. திரை போட்டு, மணி அடித்து, திரை விலக்கியபோது வலப்பக்கத்துப் பூ அம்மனின் மடியில் கிடந்தது. நாங்கள் கூட்டமாகக் கல்வாய்க்கு ஓடினோம். தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. ஒரே ஒரு கட்டெறும்பு அந்தப் பக்கமாக வந்தது, வேறு ஏதோ வேலையாகப் போனது.

பிரசாதத்தைத் தின்றவர்களுக்கு முதலில் பூவரச இலையின் மணம், பிறகு தேங்காய், பிறகு எள்ளின் கசப்பு, பிறகு நெல்லியின் புளிப்பு. அதெல்லாம் அடங்கி, இவ்வளவுதானா என்று நினைக்கிற நேரத்தில், மாடக்கண்ணு உத்தரணியால் விட்ட தீர்த்தம் தொண்டை முழுக்கத் தித்தித்துக்கொண்டு இறங்கியது. ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அம்மனுக்குச் சர்க்கரை வந்ததை ஒருவரும் அற்புதம் என்று சொன்னதில்லை. தண்ணீர் இனித்ததைத்தான் அற்புதம் என்றார்கள், பக்கத்து ஊர்களுக்கும் போன் போட்டுச் சொன்னார்கள்.

பிறகு அது வீடுகளுக்குப் பரவியது. சாமையில் அதிரசம் தட்டினார்கள், உதிர்ந்தது, உதிர்ந்ததற்கு ஒரு பேர் வைத்து உருண்டையாக்கினார்கள். முருங்கைப்பூவைப் பாயசத்தில் போட்ட ஒரு மருமகளை மாமியார் ஏசிவிட்டு, இரண்டாம் கிண்ணம் கேட்டாள். ஒருத்தி செய்ததை மற்றவள் அப்படியே செய்யவில்லை என்பதுதான் இதில் அழகு. "மைனி, நீங்க சுக்கு போட்டிய, நான் மிளகு போட்டேன்" என்று குழாயடியில் கேட்டது. நேர்ச்சைக்காரர்கள் தங்கள் சந்தோஷத்தை இப்போது கையளவாக மடித்துக்கொண்டு வந்தார்கள். சந்தோஷம் சிறுத்துவிட்டதாக யாருக்கும் தோன்றவில்லை. உலகம்மாளிடம் கேட்டால், "எல்லாம் அவ சொல்லிக் குடுத்தது" என்று சுவரைக் காட்டுவாள். எங்களுக்குத் தெரியும், அவள் தன் நாக்கைத் தானே பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி மறுபடி முதல் வகுப்பிலிருந்து படிக்கவைத்தவள் என்று.

அம்மன் தண்ணீர் உறிஞ்சுவது நின்றது. புண் காய்ந்துகொண்டு வந்தது. ஆனால் கால்நாட்டுக்கு முந்தின வாரம், மாடக்கண்ணு துணி மாற்றும்போது, காம்பு காய்ந்த பூவைப்போல் அந்தச் சுண்டுவிரல் அவருடைய உள்ளங்கையில் வந்து விழுந்தது. அதன் அடியில் கல் வழவழவென்று ஆறிப்போயிருந்தது. கசிவு இல்லை, வாடை இல்லை. விரலும் இல்லை.

கால்நாட்டு அன்று காலையில் ஸ்தபதி வந்து, குத்துவிளக்கைப் பாதத்தருகே பிடித்து நெடுநேரம் பார்த்தார். வெளியே தள்ளுவண்டி கயிறோடு தயாராக நின்றது. ஊர் முழுக்க மண்டபத்தில் இருந்தது.

"புண்ணு சுத்தமா ஆறிட்டு. நானும் எத்தனையோ கல்லு பாத்திருக்கேன், இப்படி ஆறினதைப் பாத்ததில்ல. ஆனா விரல் இல்ல. விரல் இல்லைன்னா பின்னம்தான்."

நல்லபெருமாள் அண்ணாச்சி யாரையும் பார்க்காமல், "அப்ப உச்சிக்காலப் பூசை முடிஞ்சதும் எடுத்துருவோம்" என்றார்.

உலகம்மாள் மடைப்பள்ளி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. அடுப்பில் ஆவி வந்துகொண்டிருந்ததால் அடிக்கடி உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"அண்ணாச்சி" என்று கொம்பையா முன்னால் வந்தான். "எனக்கும் கால்ல ரெண்டு விரல் இல்ல. வண்டியில இடம் இருக்கும்லா, என்னையும் ஏத்திருங்க."

நாலைந்து பேர் சிரித்தார்கள், சிரிப்பு பாதியில் நின்றுபோனது. கோயிலுக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை. குனிந்த தலைகளுக்குக் கீழே, ஈரக் கல் தரையில், ஊரின் பாதங்கள் எல்லாம் வெறுமையாக இருந்தன. கட்டைவிரல் இல்லாதவை, நடுவிரல் இல்லாதவை, பாதி மட்டும் மிஞ்சியவை, துணி சுற்றியவை. அவரவர் பாதத்தை அவரவர் நாள்தோறும் பார்த்ததுதான். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் நாங்கள் பார்த்ததில்லை. ஸ்தபதி விளக்கைத் தரையில் வைத்துவிட்டு, வைக்க வேறு இடம் தேடுகிறவர்போல் மறுபடி எடுத்துக்கொண்டார். அண்ணாச்சி தன்னுடைய வலது காலை மெல்ல வேட்டிக்குள் இழுத்துக்கொண்டார்.

"பேச்சு அப்புறம். அவளுக்குப் பசிக்கிற நேரம்" என்று சொல்லிக்கொண்டு உலகம்மாள் ஆவி பறக்கும் தட்டோடு வந்தாள்.

திரை விழுந்தது. மணி அடித்தது. திரை விலகியபோது பூ வலப்பக்கம் கிடந்தது, அதைப் பார்க்கவும் அன்று பலருக்குத் தைரியம் வரவில்லை. உலகம்மாள் இலைப் பொட்டலங்களை ஒவ்வொரு கையிலாக வைத்துக்கொண்டே வந்து அண்ணாச்சி முன்னால் நின்றாள். அவர் வழக்கம்போல் வாங்கி, கண்ணில் ஒற்றி, பக்கத்தில் இருந்தவரிடம் கொடுக்கப் போனார். கால் விரலை எடுத்த நாளிலிருந்து இனிப்பு என்று ஒன்றை அவர் வாயில் வைத்ததில்லை.

"தின்னுங்க அண்ணாச்சி. உங்களுக்கு ஆகாததுன்னா அவளுக்கும் ஆகாது. அவ தின்னுட்டா."

அவர் இலையைப் பிரித்தார். முதல் வாயை நாக்கில் வைத்துக்கொண்டு மெல்லாமல் இருந்தார், பிறகு மெதுவாக மென்றார், வெகுகாலம் பூட்டிக்கிடந்த வீட்டில் ஒவ்வொரு சன்னலாகத் திறந்துகொண்டே போகிறவர்போல் அவருடைய முகம் ஒவ்வொரு இடமாகத் தெளிந்தது. எள்ளிடம் ஒரு கணம் புருவம் சுருங்கியது. நெல்லியிடம் கண் மூடியது. மாடக்கண்ணு தீர்த்தம் விட்டார். அதைக் குடித்துவிட்டு அண்ணாச்சி தலையைத் தூக்கவே இல்லை. தோள்கள் மட்டும் லேசாகக் குலுங்கின. அப்புறம் அவர், பந்தியில் உட்கார்ந்த பிள்ளையைப்போல், கையை மறுபடி நீட்டினார்.

"இன்னொண்ணு குடு."

தட்டில் இன்னும் இருந்தது. உலகம்மாள் தட்டை இடுப்போடு அணைத்துக்கொண்டாள்.

"ஒரு ஆளுக்கு ஒண்ணுதான் அளவு அண்ணாச்சி. அவளுக்கே அவ்வளவுதான். நாளைக்கு வாங்க."

நீட்டிய கை அப்படியே நின்றது. அவர் உலகம்மாளைப் பார்த்தார், அவளுக்குப் பின்னால் விளக்கொளியில் நின்றவளைப் பார்த்தார், வாசலில் தெரிந்த வண்டியைப் பார்த்தார். காலி இலையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். அதை நாலாக மடித்தார்.

"நாளைக்கு எப்ப?"

"உச்சிக்காலத்துக்குத்தான். எப்பவும்போல."

"கூட்டமா இருக்கும்" என்றார் அண்ணாச்சி. "நான் கொஞ்சம் முந்தியே வந்துருதேன்."

கொம்பையா வெளியே போய் வண்டியிலிருந்து கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தான்.